ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் வாயைத் திறந்து பேசியது. "வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!" என்று ஒரு பெண் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தது. எதிரே உட்கார்ந்து வானிலை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மருமகள் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். திரையில் ஒரு வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மூடினாள், இன்னொன்று வந்தது. அதை மூடினாள், இரண்டு வந்தன. மேசைக்கு அடியிலிருந்த பெட்டியோ மூச்சிரைப்புக்காரன் மாடிப்படி ஏறியது போல இரைந்தது.

"என்ன மாமா செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலையேம்மா. அது ஏதோ கேட்டுச்சு. ஆம்னு சொன்னேன்."

"என்ன கேட்டுச்சு?"

"அது ஞாபகம் இல்ல. மரியாதையாத்தான் கேட்டுச்சு."

தெருவில் அந்த மருமகளுக்கு டைப்பிஸ்ட் என்றுதான் பெயர். பல் டாக்டர் ஒருவர் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் குரலில் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் காதில் வாங்கி, டைப் அடித்து, அன்றே திருப்பி அனுப்புவது அவள் வேலை. 'கீழ்த்தாடை, இடப்பக்கம், ஆறாவது பல், வேர் சிகிச்சை' என்று ஏழு வருஷமாக அடிக்கிறாள். அந்த வட்டாரத்தில் யார் எவர் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் பாதிப் பேரின் கடைவாய்ப்பல் நிலவரம் அத்துப்படி.

ஒன்பதரைக்கு பல் டாக்டரின் வரவேற்பறைப் பெண் போன் செய்தாள். "அக்கா, உங்க மெயில்ல இருந்து டாக்டருக்கு காலையில இருந்து பதினெட்டு கடிதம் வந்திருக்கு. எல்லாமே வழுக்கைத் தலையில முடி வளர மருந்து."

"நான் அனுப்பலையே!"

"தெரியும்க்கா. ஆனா டாக்டருக்கு ஏற்கெனவே தலை வழுக்கை. பதினெட்டாவதுல கொஞ்சம் கோபம் வந்துடுச்சு. உங்க கம்ப்யூட்டர் சுத்தமாச்சுன்னு உறுதியா தெரியுற வரைக்கும் ஒரு பைல்கூட அனுப்பாதீங்கன்னு சொல்லச் சொன்னார்."

டைப்பிஸ்ட் போனை வைத்தாள். கணவன் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் லிப்ட் மெக்கானிக். பத்து மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களைச் சிரித்துப் பேசி இறக்கிக் கொண்டுவருகிற ஆள், எதற்கும் பதறமாட்டான். அவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். "வைரஸெல்லாம் இருக்காது. உள்ள தூசி அடைச்சிருக்கும். நீ எதையும் தொடாத. சனிக்கிழமை நானே பார்க்கிறேன்."

"தூசி முடி வளர மருந்து விக்குமா?"

"சனிக்கிழமைனு சொன்னேன்ல?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அதுதான் அவளுக்குக் குழப்பமாக இருந்தது. சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்தால் பல் டாக்டர் வேறு ஆள் பார்த்துவிடுவார். அவள் காத்திருக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி, சாவி வெட்டுகிறவர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. அதை நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோருக்கும் ரிப்பேர் அக்கா. ஒரு காலத்தில் டெலிவிஷன் பழுதுபார்த்தவர், அப்புறம் காலத்தோடு சேர்ந்து இதற்கு வந்துவிட்டார். புதன்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு கயிற்றில் மூக்குக்கண்ணாடி, இன்னொரு கயிற்றில் பென்டிரைவ்.

வந்ததும் உட்காரக்கூட இல்லை. பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். "முதல்ல குழாயை மூடணும் தங்கச்சி. அப்புறம்தான் தரையைத் துடைக்கணும். இல்லைனா நாம இந்தப் பக்கம் துடைக்கத் துடைக்க அது அந்தப் பக்கம் வந்துகிட்டே இருக்கும்."

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "ஒரே வாசலுக்கு எத்தனை காவல்காரங்க! மூணு ஆன்ட்டிவைரஸ் ஓடுது. யார் போட்டது?"

"ஒண்ணு நான் போட்டேன். ஒண்ணு அவர். மூணாவது..."

சோபாவிலிருந்த மாமனார் கையைத் தூக்கினார். "உங்க கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, காப்பாற்றட்டுமானு கேட்டுச்சு. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"நீங்க போட்டதுதான் பெரியவரே திருடன். காவல்காரன் சட்டையை மாட்டிக்கிட்டு வந்திருக்கான். மத்த ரெண்டு பேரும் இவனை விட்டுட்டு, ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு நினைச்சுச் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. அதான் பெட்டி இப்படி இரையுது."

மாமனார் முகம் வாடியது. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

ரிப்பேர் அக்கா திருடனையும் ஒரு காவல்காரனையும் வெளியே அனுப்பினார். டைப்பிஸ்ட் வைத்திருந்த வேலைக் கோப்புகளை ஒரு தனி டிஸ்கில் ஏற்றினார். கம்ப்யூட்டரை சேஃப் மோடில் எழுப்பினார். "அவசியமானது மட்டும் முழிச்சிருக்கும், மத்ததெல்லாம் தூங்கும். தூங்கறவனைப் பிடிக்கறது சுலபம்." பிறகு தன் பென்டிரைவைச் செருகி ஸ்கேனை ஓடவிட்டார். அது ஓடுகிற நேரத்தில் டைப்பிஸ்டை அவளுடைய போனிலிருந்தே மெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். "இந்தப் பெட்டியில மாத்தாதீங்க. திருடன் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருக்கும்போது பூட்டு மாத்துவாங்களா?"

மூன்று மணி நேரம் ஓடியது ஸ்கேன். ரிப்பேர் அக்கா கடைக்குப் போய் இரண்டு பிரின்டரைச் சரிபண்ணிவிட்டுத் திரும்பி வந்தபோது பட்டியல் தயாராக இருந்தது. அறுபத்தொன்று. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "இது விளம்பரக் குப்பை. இதுவும் குப்பை. உங்க மெயிலைப் பிடிச்சு ஆட்டினது இவன். இதெல்லாம் ஒரே குடும்பம், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஏதோ ஒரு இலவசப் பொருளோட முதுகுல ஏறி வந்திருக்கு." ஐம்பத்தொன்பது உருப்படிகள் ஒரு சொடுக்கில் மறைந்தன.

மீதி இரண்டில் அவர் விரல் நின்றது. திருப்பித் திருப்பிப் படித்தார்.

"என்னக்கா?"

"ரெண்டும் ஒரே புரோகிராம், இது வேற ஜாதிச் சரக்கு தங்கச்சி. தானா வராது. யாரோ உட்கார்ந்து, நிதானமா, பாஸ்வேர்ட் கொடுத்துப் போட்டிருக்காங்க. பதிமூணு மாசம் ஆச்சு."

"என்ன பண்ணும் அது?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா திரையில என்ன இருக்கோ அதைப் படம் பிடிச்சு ஒரு இடத்துல போட்டு வைக்கும். கம்பெனிகள்ல ஆள் வேலை பார்க்கறானா, தூங்கறானானு கண்காணிக்கறதுக்குப் போடுவாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "யார்கிட்டல்லாம் பாஸ்வேர்ட் இருக்கு?"

பாஸ்வேர்ட் ஒரு துண்டுச் சீட்டில் கீபோர்டின் அடியிலேயே ஒட்டியிருந்தது. வீட்டில் மூன்று பேர். மூவருக்கும் ஒரே கணக்கு.

"எடுத்துடட்டுமா?"

டைப்பிஸ்ட் அந்தத் துண்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பேர் அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இது வைரஸ் இல்ல. இது வீட்டு விஷயம். நீங்க பேசி முடிங்க, வெள்ளிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் அந்த வயரை மாட்டாதீங்க."

அவர் போனதும் டைப்பிஸ்ட் அந்தப் படங்கள் கிடந்த இடத்தைத் திறந்தாள். இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒன்றைச் சொடுக்கினாள். அவள் டைப் அடித்த பல் குறிப்பு. இன்னொன்று. அவள் தேடிப்பார்த்த குளிர்கால ஜாக்கெட். இன்னொன்று. கழுத்து வலி எதனால் வருகிறது என்று அவள் படித்த பக்கம். யாரோ தோளுக்குப் பின்னாலேயே ஒரு வருஷமாக நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் பிரிட்ஜ்தான் நின்றது.

யார்? பல் டாக்டரா? அவர் இந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. மாமனாரா? கேட்ட கேள்விக்கெல்லாம் ஆம் சொல்கிற மனுஷர் அவர். அப்படியானால் மிச்சம் ஒரே ஆள். 'நீ எதையும் தொடாத' என்று சொன்ன ஆள். ஷூ கயிற்றை இரண்டு தடவை கட்டிய ஆள்.

பதினோரு வருஷக் கல்யாணம். சண்டை வந்திருக்கிறது, சந்தேகம் வந்ததில்லை. இப்போது எதை நம்புவது எதை விடுவது என்று தெரியாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்குக் கணவன் வந்தான். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை அவள்.

"அந்தப் புரோகிராமை நீங்கதானே போட்டீங்க?"

அவன் முகம் வெளுத்தது. மென்று விழுங்கினான். "ஆமா... ஏதோ ஆசையில போட்டுட்டேன். தப்புதான்."

"ஆசையிலயா? பொண்டாட்டியைப் பத்தி அப்படி என்ன ஆசை உங்களுக்கு?"

"உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? என் வேலைக்காகத்தான்..."

"உங்க வேலைக்கு என்னை எதுக்குங்க படம் பிடிக்கணும்? அதுவும் ஒரு வருஷமா!"

"எந்த ஒரு வருஷம்? ரெண்டு வாரம்தானே ஆச்சு!"

"பதிமூணு மாசம்!"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டது, எப்படி பதிமூணு மாசம் ஆகும்?" அவன் நிறுத்தினான். "இரு, இரு. நீ எதைச் சொல்ற?"

"நீங்க எதைச் சொல்றீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து உண்மையைக் கக்கினான். எல்லா வகை லிப்டுக்கும் வயரிங் படம் இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தார்களாம். இறக்கிப் பார்த்தால் ஒரு படம்கூட இல்லை. அன்றைக்கே கம்ப்யூட்டர் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். "ஊர்ல உள்ள லிப்டெல்லாம் சரிபண்றவன், வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டான்னு நீ சொல்லுவியேனு பயந்துட்டேன். சனிக்கிழமை யாருக்கும் தெரியாம சரிபண்ணிடலாம்னு பார்த்தேன்."

"அப்போ இந்தப் படம் பிடிக்கறது?"

அவன் எழுந்து வந்து பார்த்தான். இருபத்தெட்டாயிரம் என்ற எண்ணைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த திகைப்பு நடிப்பில்லை. நடிக்கத் தெரிந்திருந்தால் ஷூ கயிற்றோடு அவ்வளவு நேரம் மல்லாடியிருக்க மாட்டான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான். "வெளியாள் எவனாவது உள்ள வந்துட்டானா?"

அவள் திரையை அணைத்தாள். கோபம் இறங்கிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது இன்னும் பெரிய குழப்பம். புருஷன் இல்லையென்று ஆனதில் நிம்மதிப்படுவதா, அப்படியானால் யார் என்று பயப்படுவதா?

மறுநாள் காலையில் கணவன் வேலைக்குப் போனான். மாமனார் வழக்கம்போல் பூங்காவுக்கு நடக்கப் போனார். டைப்பிஸ்ட் மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்ட இடத்தில் சொடுக்கவில்லை, தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு முதலிலிருந்து பார்த்தாள். பாதிப் படங்கள் அவளுடையவை. சில கணவனுடையவை, பெரும்பாலும் கால்பந்து. மீதி மாமனாருடையவை: வானிலை, செய்தித்தாள், சதுரங்கம்.

ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியில் அவளுடைய கை நின்றது. அக்காவுக்கு அவள் எழுதிய மெயில் அது. அக்கா வெளிநாட்டில் இருந்தாள், மனசில் உள்ளதையெல்லாம் அவளிடம்தான் கொட்டுவது. படத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

'எங்க மாமாவோட மாரடிக்க முடியல அக்கா. ஒரு நாளைக்கு நாலு தடவை இன்னிக்கு என்ன கிழமைனு கேட்கிறார். பதில் சொல்லிட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடியும். வேணும்னே செய்யறாரோனு தோணுது. ஒரு நாள் நான் கத்திடப் போறேன்.'

எழுதியதையே அவள் மறந்துபோயிருந்தாள். காது மடல் சூடாகியது. அடுத்த நாள் படங்களுக்குப் போனாள். பதினொன்று இருபதுக்கு எடுத்த படத்தில் அதே மெயில். ஆனால் அது மெயில் இல்லை. முந்தின நாள் எடுத்த படத்தை யாரோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதை அந்தப் புரோகிராம் மறுபடி படம் பிடித்திருந்தது. படத்துக்குள் படம். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் கொஞ்ச நேரம் வெறித்தாள். பதினொன்று இருபத்தைந்துக்கும் அதே படம். பதினொன்றரைக்கும் அதே. பதினொன்று முப்பத்தைந்துக்கும் அதே. யாரோ அந்த ஒரு பக்கத்தின் எதிரே கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரநாள். பதினொன்றரை மணி. கணவன் வேலையில் இருக்கும் நேரம். அவள் கடைக்குப் போகும் நேரம். வீட்டில் இருப்பவர் ஒருவர்தான்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து தேடல் பெட்டியில் புதிதாக ஒன்று வர ஆரம்பித்திருந்தது. மாமனார் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறவர், பிழையில்லாமல் அடித்திருந்தார். 'இன்று என்ன கிழமை.' அன்றைக்கு மூன்று தடவை. மறுநாள் ஐந்து. போன மாதத்தில் ஒரு நாள் பதினொன்று. நடுவில் ஒன்று: 'இன்று என்ன கிழமை என்று கேட்பதை நிறுத்துவது எப்படி.'

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாமனார் அவளிடம் கிழமை கேட்டு மாதக் கணக்காகிவிட்டது. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. எப்படியோ அந்தப் பழக்கம் தானாகப் போய்விட்டது என்று நினைத்திருப்பாள். அதைக்கூட நினைத்தாளா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

பூங்காவிலிருந்து திரும்பிய மாமனார் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தப்பிக்கப் பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா அம்மாடி?"

"நீங்கதான் போட்டீங்களா மாமா?"

"நான்தான்." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பதிந்து வைத்தே தலை நரைத்தவர். "ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரே கடிதத்தை மூணு தடவை அனுப்பிட்டேன்மா. ஒரு தடவைதான் அனுப்பினேன்னு சங்கத்துல போய்ச் சண்டை போட்டேன். மூணையும் எடுத்து மேசையில வெச்சாங்க. எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா."

"என்னனு சொல்றது? எனக்கே புரியலையே. வயசா, வியாதியா, கவனக்குறைவா? முதல்ல பதிஞ்சு பார்ப்போம்னு நினைச்சேன். பேப்பர்ல இதைப் பத்திப் போட்டிருந்தான். வேலை நேரத்தைப் பதியற புரோகிராம்னு. அட, நம்ம டைம் ஆபீஸ்தானேனு தோணுச்சு. நான் செஞ்சதை நானே திரும்பிப் பார்க்கலாம்ல? உன் வேலையும் அதுல விழும்னு நான் யோசிக்கல. அது என் தப்பு."

அவள் கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விடமுடியவில்லை.

"நான் அக்காவுக்கு எழுதினதைப் படிச்சீங்களா மாமா?"

"படத்துல இருந்தா படிச்சிருப்பேன்."

"என்ன எழுதியிருந்ததுனு ஞாபகம் இருக்கா?"

மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்து, "இல்லம்மா," என்றார். "ஞாபகம் இருக்கற ஆளா இருந்தா இதை ஏன் போடறேன்?"

நிஜமாகவே மறந்துவிட்டாரா? இல்லை, அவள் மனசு நோகக்கூடாது என்று மறந்த மாதிரி இருக்கிறாரா? அந்தக் கண்களில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டால் மறந்ததை ஞாபகப்படுத்துவது போல ஆகும். கேட்காமல் விட்டால் நெஞ்சில் முள்ளாக இருக்கும். கடைசியில் அவள் கேட்டாள். "நான் ஏதாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க மாமா." அவர் அவள் முழங்கையை லேசாகத் தட்டிவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கதவை மூடிக்கொண்டு அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினான். வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. "தினமும் பக்கத்துல உட்கார்ந்துதான் சாப்பிடறேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை ரிப்பேர் அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வேலையில் இறங்கினார். எல்லோருக்கும் பொதுவாக இருந்த கணக்கை எடுத்துவிட்டு மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பாஸ்வேர்ட். புதிதாக எதையும் போடுகிற அதிகாரம் டைப்பிஸ்டுக்கு மட்டும். "இனிமே யார் கேட்டாலும் நீங்க ஆம்னு சொல்லலாம் பெரியவரே. அது நடக்காது," என்றார். மாமனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படம் பிடிக்கும் புரோகிராம் அவருடைய கணக்கில் மட்டும், அவர் உட்கார்ந்தால் மட்டும் ஓடும்படி வைத்தார்கள்.

பழைய படங்களைத் தரம் பிரிப்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. பல் நோயாளிகளின் விவரம் இருந்த படங்கள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. மூன்று நாள் மாமனாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னுது, என்னுது என்று பிரித்து அழித்தார்கள். அக்காவுக்கு எழுதிய மெயிலின் படம் வந்தபோது மாமனார் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். வேண்டுமென்றே போனாரா, தாகமா, அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அழித்துவிட்டாள். மறுநாள் ஏதோ அரிப்பில், மெயிலுக்குள்ளேயே போய் மூலத்தையும் அழித்தாள். அக்காவிடம் ஒரு நகல் இருக்கும்தான்.

பல் டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. போய் நேரில் சொன்னாள். அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு கேட்டார். நோயாளிகள் விவரம் வீட்டை விட்டு வெளியே போனதா என்றுதான் அவருக்குக் கவலை. அந்தப் புரோகிராம் படங்களை வெளியே எங்கும் அனுப்பவில்லை, மெயிலை ஆட்டிவைத்தது மெயிலோடு சரி என்று ரிப்பேர் அக்கா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். டாக்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். பதினைந்து நாள் யோசித்தார். அந்தப் பதினைந்து நாளும் அவள் வீட்டில் இருந்த அலமாரியையெல்லாம் ஒழித்து அடுக்கினாள். பதினாறாம் நாள், வீட்டுக் கம்ப்யூட்டர் வேண்டாம், கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்து அடித்துக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இப்போது காலையில் நான்கு மணி நேரம் அங்கே போகிறாள்.

மாமனாரைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஞாபக மறதி பார்க்கிற டாக்டர். "எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். பொதுவாக அந்தக் கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்வதில்லையாம். மாமனார் சட்டைப்பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து நீட்டினார். மாதவாரியாக, எந்தக் கேள்வியை எத்தனை தடவை தேடினார், காலையில் எத்தனை, மாலையில் எத்தனை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த மாசத்துல இருந்து ஏன் இப்படிக் கூடியிருக்கு? என்ன நடந்தது அப்போ?"

டைப்பிஸ்டுக்கு அந்த மாதம் தெரியும். அக்காவுக்குக் கடிதம் எழுதிய மாதம். வாயைத் திறந்தாள்.

"தூக்கத்துக்கு ஒரு மாத்திரை ஆரம்பிச்சேன்," என்றார் மாமனார், அவளுக்கு முன்னால்.

அதுவும் உண்மைதான். அந்த மாத்திரையின் அட்டை மருந்துப் பெட்டியில் இருந்தது. டாக்டர் அதை நிறுத்தினார், ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். சில மாத்திரைகள் மறதியைக் கூட்டும், நிறுத்தினால் கொஞ்சம் தெளியலாம், தெளியாமலும் போகலாம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார்.

ஆறு வாரம் ஆகிவிட்டது. கணவன் அப்பா தேறிவிட்டார் என்கிறான். அப்படியே இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றுகிறது, மறுநாள் காலையில் அவர் சதுரங்கத்தில் அவளை எட்டே நகர்த்தலில் தோற்கடிக்கும்போது அந்த எண்ணமும் மாறிவிடுகிறது. மாமனார் தன் பதிவுகளைப் பார்த்து, போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இதை வைத்து இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்கிறார். பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அடுத்த தடவை வருவதற்குத் தேதி குறித்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேருக்கு ஒரு குடைதான் இருந்தது. மாமனாரை நடுவில் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நனைந்துகொண்டே நடந்தார்கள்.